எதிர்ப்புப் பூஜ்யங்கள்

திட்ட மதிப்பீட்டுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குக் கணக்குப் போடுவது பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அதை என்னைவிட நன்றாகப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். எங்கள் காலத்தில் நான்கு பேருக்கு ஒரு கால்குலேட்டர். அதிலும் ஏழாம் எண் அழுந்தாது. ஏழு வரும் இடத்தில் எட்டைப் போட்டுவிட்டு, கடைசியில் எங்கே கழிப்பது என்று ஆளுக்கொரு பக்கம் சண்டை போடுவோம்.

நான் சொல்ல வந்தது வேறு. என்றாவது ஒருநாள் ஒரு பெரிய மனிதர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு உங்களிடம், "விளக்கமெல்லாம் வேண்டாம், ஒரே ஒரு எண்ணைச் சொல்லுங்கள்" என்பார். அறையில் இருக்கும் எல்லோரும் உங்கள் வாயையே பார்ப்பார்கள். அந்த நிமிஷத்துக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் பாடம் கிடையாது. எனக்கு அது 1991-இல் வந்தது. தகுதிகாண் பருவம்கூட முடியவில்லை. இடம், பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம்.

அந்த வருஷம் நாட்டின் கதவுகளைத் திறந்துவிட்டாயிற்று என்று பேச்சு. கம்பெனிகள் வரப்போகின்றன, வருகிறவர்களுக்கு இடம் வேண்டும் என்று ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே அரசாங்க ஜீப்புகள் புழுதி கிளப்பிக்கொண்டு அலைந்தன. எங்கள் மேசைக்கு வந்த வரைபடத்தில் புதிய தொழிற்பேட்டையின் எல்லைக்குள் ஓர் ஏரி மாட்டிக்கொண்டிருந்தது. பெரிய ஏரி ஒன்றுமில்லை. மழையில் நிரம்பும், சித்திரையில் வெடித்துக் கிடக்கும். நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். அங்கிருந்து அதற்கடுத்தது, அப்படியே செம்பரம்பாக்கம், அங்கிருந்து மெட்ராஸ் குழாய்கள். மோட்டார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனிக்கு அந்த இடமேதான் வேண்டுமாம். சமதளம், ரோட்டுக்குப் பக்கம்.

ஏரியை மூட வேண்டுமென்றால் அதற்கு ஒரு மதிப்பு போட வேண்டும். தொழிற்சாலையால் வரும் லாபம் அதைவிட அதிகம் என்றால் மூடலாம். விதி அவ்வளவுதான்.

எங்கள் பிரிவுத் தலைவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். எதற்கும் பதற மாட்டார். பதற வேண்டிய வேலைகளை என்னிடம் கொடுத்துவிடுவார்.

"ஏம்மா, டெல்லியிலேருந்து ஒரு நிபுணர் வர்றார். ஏரிக்கு விலை போடுற வித்தை தெரிஞ்சவராம். அவருக்குத் தமிழ் வராது. நீ கூடப் போய் மொழிபெயர்த்துக் குடு."

"ஏரிக்கு எப்படி சார் விலை போடுவாங்க?"

"அது தெரிஞ்சா நாமளே போட்டுட்டு விமானச் செலவை மிச்சம் பிடிச்சிருக்க மாட்டோமா?"

நிபுணர் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் அவர்மேல் உங்களுக்குக் கோபம் வரலாம். வெளிநாட்டில் படித்தவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், வெயிலுக்குத் துணித்தொப்பி போட்டிருந்தார். காட்டுக்கும் ஏரிக்கும் விலை இல்லாததால்தான் அரசாங்கம் அவற்றைச் சும்மா கிடப்பதாக நினைக்கிறது, விலை ஒன்றை ஒட்டிவிட்டால் தொடப் பயப்படும் என்று மனதார நம்பினார். ஏரியைக் காப்பாற்றத்தான் விலை போட வந்திருந்தார். ஜீப்பில் அவர் சொல்லச் சொல்ல நானும் நம்பினேன்.

அவருடைய முறை எளிமையானது. ஊரில் வீடு வீடாகப் போய், "இந்த ஏரி இப்படியே இருக்க வருஷத்துக்கு எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று கேட்க வேண்டும். வரும் பதில்களைக் கூட்டினால் ஏரியின் மதிப்பு.

முதலில் அகப்பட்டவர் தனக்கோட்டி. ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நெல் வைத்திருந்தவர், கட்சிக்காரர் மாதிரி வெள்ளை வேட்டி. நான் கேள்வியைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார், ஏரியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் மேடம், யார்னா தூக்கினு போறாங்களா?"

"அப்படி வச்சுக்குங்க. போகாம இருக்க நீங்க என்ன குடுப்பீங்க?"

"நா ஒண்ணியும் குடுக்க மாட்டேன். என் புள்ள ஐ.டி.ஐ. முட்ச்சிட்டு வூட்ல குந்தினுகீறான். அவனுக்குக் கம்பெனில வேலை போட்டுக் குடுங்க, நானே மம்முட்டி எடுத்தாந்து ஏரிய மூட்றேன்."

நிபுணர் பூஜ்யம் என்று குறித்துக்கொண்டார்.

அடுத்தது எஸ்தர் அம்மா. ரோட்டோரம் மெஸ் நடத்தினார். ஜீப்பில் வரும் எல்லா அரசாங்கத்துக்கும் மத்தியானச் சாப்பாடு அங்கேதான். அவர் கேள்வியை முழுசாகக் கேட்டுவிட்டு, "யார் கையில குடுக்கணும்?" என்றார்.

நான் நிபுணரைக் கேட்டேன். யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை, ஒரு கற்பனைதான் என்றார்.

"கற்பனைக்கு இன்னாத்துக்கு கண்ணு இவ்ளோ வெயில்ல சுத்தறீங்க? சரி, எங்கிட்ட இன்னா கீது குடுக்கறதுக்கு? எங்கிட்ட காசு இல்லன்னா ஏரிக்கு மதிப்பு இல்லியா? நாளைக்கு எவனாவது பணக்காரன் இந்தத் தெருவுல குடி வந்தான்னா தண்ணி ருசி மாறிடுமா?" கையில் இருந்த கரண்டியை நிபுணரை நோக்கி நீட்டினார். "அவர ஒரு பதிலும் எழுதிக்க வாணாம்னு சொல்லு. நா இதுக்குப் பதில் சொல்ல மாட்டேன்."

இதற்கு அவர்கள் துறையில் ஒரு பெயரே இருந்தது. கேள்வியின் மேலேயே கோபப்பட்டுப் பதில் மறுப்பவரை 'எதிர்ப்புப் பூஜ்யம்' என்பார்களாம். அப்படிப்பட்ட பதில்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும். நான் அதையும் அப்படியே மொழிபெயர்த்தேன். அதுதான் வினையாகப் போயிற்று. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த தெருவுக்குள் நுழைந்தபோதே ஒருத்தர் வாசலில் நின்று, "எங்க வூட்டுக்கு வர வாணாம் மேடம், நாங்க மொத்தக் குடும்பமும் எதிர்ப்பு பூஜ்யம்!" என்று கூவினார்.

மறுநாள் மதியம் எஸ்தர் அம்மாவின் மெஸ்ஸில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். எதிர்ப்புப் பூஜ்யங்களை நீக்கினோம். மீதியில் பாதிப்பேர் சாதாப் பூஜ்யம். சங்கோஜத்தில் ஏதோ ஒன்றைச் சொல்லி வைத்தவர்களின் பதில்களைக் கூட்டினால், அந்த ஏரியை ஒரு நல்ல கல்யாணச் செலவில் வாங்கிவிடலாம் போல இருந்தது. நிபுணர் சாப்பாட்டைத் தொடவில்லை. ஏரியைக் காப்பாற்ற அவர் கொண்டுவந்த விலையே அதை மூடப் போகிறது.

"வேறு மாதிரி கேட்க முடியாதா?" என்று கேட்டேன்.

"முடியும். எவ்வளவு கொடுத்தால் ஏரியை விட்டுக்கொடுப்பீர்கள் என்று கேட்கலாம். ஆனால் அப்படிக் கேட்டால் பதில்கள் மலை மாதிரி ஏறிவிடும். அதனால் யாரும் கேட்க விரும்புவதில்லை."

"எந்தக் கேள்வியைக் கேட்பது என்று எப்படி முடிவு செய்வீர்கள்?"

அவர் தொடாத இலையைத் தள்ளி வைத்தார். "பொருள் அவர்களுடையது என்றால் இரண்டாவது கேள்வி. அவர்களுடையது இல்லை என்றால் முதல் கேள்வி. ஏரி யாருடையது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை."

இதெல்லாம் ஆங்கிலத்தில் நடந்த பேச்சு. பக்கத்து பெஞ்சில் தனக்கோட்டி ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"இன்னா மேடம், எங்க ஏரியப் பத்தித்தான பேசிக்கிறீங்க? எங்களாண்டயும் சொல்றது."

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அரசாங்க ஊழியர் ஒருவர் இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும்? "ஒன்றுமில்லை, சாப்பிடுங்கள்" என்று சொல்வதுதான் வழக்கம். ஆனால் என்னை அனுப்பியது மொழிபெயர்க்க. அவர்கள் சொல்வதை இவருக்குச் சொல்லலாம், இவர் சொல்வதை அவர்களுக்குச் சொல்லக்கூடாது என்று ஆணை எதிலும் இல்லை. ஒன்று விடாமல் சொன்னேன். நிபுணரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

தனக்கோட்டி பிசைவதை நிறுத்தினார்.

"அப்ப, நம்மளுத புடுங்க வர்றவன் நம்ம கிட்டயே வந்து, புடுங்காம இருக்க இன்னா தருவேன்னு கேக்கறான். அதான மேடம்?"

"நான் அப்படிச் சொல்லல."

"நீங்க சொல்லல. நா சொல்றேன்."

எஸ்தர் அம்மா அப்பளத்தை அவர் இலையில் போட்டுவிட்டு, "நீதான் மம்முட்டியோட ரெடியா கீறியே, உனக்கு இன்னா கவலை?" என்றார்.

"வேலை வேணும்னுதான் சொன்னேன் எஸ்தரு. இனாமா குடுக்கறேன்னு சொன்னனா?"

ஆய்வுக் கூட்டம் ஏரிக்கரைக்குப் பக்கத்திலேயே ஷாமியானா போட்டு நடந்தது. சென்னையிலிருந்து துறைச் செயலர் வந்தார். வெள்ளை அம்பாசடர், முன்னால் ஒரு ஜீப், பின்னால் ஒரு ஜீப். கம்பெனிப் பிரதிநிதி டை கட்டிக்கொண்டு வியர்த்தார். வருவாய்த்துறை ஆட்கள் பின்வரிசையில். வெளியே ஊர். எங்கள் தலைவர் என் காதருகே குனிந்து, "நீயே சொல்லிடும்மா. எனக்குத் தொண்டை சரியில்ல" என்றார். காலையில் ஜீப்பில் அவர் பாடிக்கொண்டு வந்தது இன்னும் என் காதில் இருந்தது.

நான் எழுந்தேன். ஆய்வு எப்படி நடந்தது, என்ன கேள்வி கேட்டோம் என்று சொல்லத் தொடங்கினேன். வெளியிலிருந்து தனக்கோட்டி கையைத் தூக்கினார்.

"ஐயா, ஒரு சந்தேகம்."

செயலர் பெருந்தன்மையாக, "சொல்லுங்க" என்றார். மக்கள் கருத்தும் பதிவாக வேண்டும் அல்லவா?

தனக்கோட்டி பந்தலுக்குள் வந்தார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, வேப்பமரத்து நிழலில் நின்ற அம்பாசடரைக் காட்டினார்.

"அந்தக் காரு அழகா கீது. அது உங்களாண்டயே இருக்கணும்னா, வருசத்துக்கு எங்களுக்கு இன்னா குடுப்பீங்க?"

நிபுணர் என் பக்கம் குனிந்து என்ன சொல்கிறார் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

செயலர் முகம் சிவந்தது. "என்ன இது, மிரட்டலா?"

"ஐயோ, இல்லீங்க ஐயா. ஆராய்ச்சி."

"அது உங்க காரா, அதுக்கு உங்களுக்குப் பணம் குடுக்கறதுக்கு? அது அரசாங்கக் கார்!"

தனக்கோட்டி ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "அப்ப அதுவும் பொறம்போக்குங்களா?"

முதலில் சிரித்தது கம்பெனிப் பிரதிநிதி. கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார், ஆனால் தோள் குலுங்கியது. பிறகு வெளியே யாரோ. பிறகு ஊர் மொத்தமும்.

"எனக்கு ஒதுக்கியிருக்காங்க. நான் பயன்படுத்தறேன்" என்றார் செயலர். சொல்லி முடிப்பதற்குள்ளேயே தான் எங்கே போய் நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் முட்டாள் இல்லை.

"நாங்களும் அத்தத்தான் சொல்றோங்க" என்றார் தனக்கோட்டி. "ஏரிய நாங்க யூஸ் பண்ணிக்கினு கீறோம். பட்டா யாராண்ட கீது?"

எஸ்தர் அம்மா கூட்டத்திலிருந்தே குரல் கொடுத்தார்: "காருக்கு ஒரு கேள்வி, ஏரிக்கு ஒரு கேள்வியா சார்?"

அப்போது நிபுணர் எழுந்தார். அவர் எழ வேண்டிய அவசியமே இல்லை. பேசாமல் விமானம் ஏறியிருக்கலாம். "இவர் சொல்வது சரி" என்றார் ஆங்கிலத்தில். "உரிமை அவர்களுடையது என்றால் நான் கேட்டது தவறான கேள்வி. கணக்கில் பிழையில்லை. கணக்குக்கு முன்னாலேயே ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. எடுத்தது யார் என்று எனக்குத் தெரியாது."

செயலர் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். அந்த நிமிஷம்தான் நான் முதலில் சொன்ன நிமிஷம்.

"இந்தத் தத்துவமெல்லாம் வேண்டாம். ஏரியோட மதிப்பு என்ன? ஒரு எண்ணைச் சொல்லிட்டு உட்காருங்க."

என் கையில் அந்தச் சின்ன எண் இருந்தது. சொன்னால் கூட்டம் முடிந்தது, தகுதிகாண் பருவமும் முடிந்தது. நானாக ஒரு பெரிய எண்ணைச் சொல்லி ஏரியைக் காப்பாற்றவும் முடியும். அதற்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அது பொய்யான எண். நாளைக்கு வேறொருத்தி வந்து தொழிற்சாலை லாபத்தை அதைவிடப் பெரிய பொய்யாகச் சொன்னால் ஏரி போய்விடும். தலைவரைப் பார்த்தேன். அவர் ஷாமியானாவின் ஓட்டையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"சார், இரண்டு எண் இருக்கு" என்றேன். "ஏரி ஊராருடையது இல்லைன்னா ஒரு எண். ஊராருடையதுன்னா இன்னொண்ணு, அதுக்கு மறுபடியும் கேட்டு வரணும். எதுன்னு முடிவு பண்றது எங்க பிரிவுக்கு உள்ள அதிகாரம் இல்ல, அரசாங்கத்தோடது. 'ஏரி ஊராருடையதல்ல'ன்னு ஒரு வரி எழுதி நீங்க கையெழுத்துப் போட்டுட்டா, இப்பவே எண்ணைச் சொல்லிடறேன்."

மிகவும் பணிவாகத்தான் சொன்னேன். கூட்டத்தில் யாரோ, "போடுங்க ஐயா, நாங்களும் பாக்கறோம்" என்றார்கள். இவர்கள் ஓட்டுப் போட்டுப் புது அரசாங்கம் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்த ஒரு வரி எழுதப்படாமல் இருக்கும் வரைதான் அதில் எல்லோருக்கும் சௌகரியம். செயலர் பேனாவின் மூடியைக் கழற்றினார், மறுபடி போட்டார்.

"சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்றார்.

திரும்பும் வழியில் ஜீப் பூந்தமல்லி தாண்டியதும் தலைவர், "அந்தத் தனக்கோட்டிக்கு நீ ஏதாவது சொல்லிக் குடுத்தியாம்மா?" என்றார்.

"மொழிபெயர்த்தேன் சார்."

"ம்." வெளியே பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்: "நானா இருந்தா சின்ன எண்ணைச் சொல்லிட்டு உட்கார்ந்திருப்பேன். முப்பது வருஷமா அப்படித்தான் உட்கார்ந்திருக்கேன்." அந்த வருஷம் என்னைப் பற்றிய ரகசிய அறிக்கையில், 'மொழிபெயர்ப்புத் திறன்: அளவுக்கு மீறியது' என்று எழுதினார். பாராட்டா, எச்சரிக்கையா என்று கேட்டதற்கு, அதற்கும் இரண்டு எண் இருக்கிறது என்றார்.

இரண்டாவது கேள்வியையும் ஊரில் கேட்டோம். பதில்கள் அச்சில் ஏறக்கூடியவை அல்ல. தனக்கோட்டி வீட்டுக்கொரு வேலையும், கோடைக்குத் தண்ணீரும், செயலரின் அம்பாசடரும் கேட்டார். அதற்குப் பிறகு எல்லைக்கோடு சத்தமில்லாமல் தெற்கே நகர்ந்தது. கம்பெனிக்கு அந்த இடமேதான் வேண்டும் என்ற பேச்சு எங்கே போனது என்று தெரியவில்லை. புதிய இடமும் சமதளமாகத்தான் இருந்தது, ரோட்டுக்குப் பக்கமாகத்தான் இருந்தது. தனக்கோட்டியின் மகனுக்கு அங்கே வேலையும் கிடைத்தது. ஷிப்ட், ஓ.டி. என்று அப்பா ஊரெல்லாம் ஆங்கிலம் பேசினார்.

ஒன்றை நான் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னைக் கதாநாயகி என்று நினைத்துவிடுவீர்கள். தெற்கே நகர்ந்த கோட்டுக்குள் மேய்ச்சல் நிலம் வந்தது. மாடு மேய்த்தவர்கள் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள், அவர்களில் யாருமே அன்றைக்குப் பந்தலில் இல்லை. அவர்களைக் கேட்க அந்தத் திட்டத்தில் எவருக்கும் உத்தரவில்லை, கார் கேட்கவும் ஒரு தனக்கோட்டி இல்லை. ஆகவே கூட்டத்துக்குப் போனால் பேசுகிறவர்களைப் பாருங்கள், பிறகு வராதவர்கள் யார் என்று விசாரியுங்கள். உங்கள் கணக்கில் பாதி அங்கேதான் இருக்கும். உரிமை யாருடையது என்ற முடிவை எண்ணுக்குள் ஒளித்துவைக்கச் சொன்னால், ஒளிக்காதீர்கள். எடுத்து மேசைமேல் வையுங்கள். எடுக்க வேண்டியவர் எடுக்கட்டும், கையெழுத்தோடு.

எல்லை மாறிய செய்தியை ஊருக்குச் சொல்ல நான்தான் போனேன். மெஸ்ஸில் தனக்கோட்டியும் இருந்தார். ஏரி இனி அப்படியே இருக்கும் என்றேன். கைதட்டல் எதிர்பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை.

எஸ்தர் அம்மா அடுப்பைத் தணித்தார். "சரி. அப்ப தூரு வாரணுமே. யாரு வார்றது?"

"வார்னா வண்டல் என் நெலத்துக்கு" என்றார் தனக்கோட்டி உடனே. "கார் கேட்டது நானு."

"இன்னாய்யா உன் நெலத்துக்கு? மூடறதுக்கு மம்முட்டி தூக்கினவன் நீ! கடைமடைல கீறவன் எல்லாம் மனுசன் இல்லியா? மீனு ஏலம் மட்டும் யாரு எடுக்கறது, அதுவும் நீயா?"

"மீன ஏன் இழுக்கற எஸ்தரு?"

ரோட்டில் போனவர்கள் உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்தார்கள். மதகைத் திறக்கும் முறை, கரையில் ஆடு கட்டிய விவகாரம், எப்போதோ யாரோ இரண்டு கூடை அதிகமாக எடுத்த களிமண் என்று எல்லாம் மேலே வந்தது. நான் எழுந்து நின்று, படித்த பெண்ணின் தெளிவான குரலில், "ஒரு நிமிஷம், எல்லாரும் உட்கார்ந்து முறையா பேசினா" என்று ஆரம்பித்தேன்.

எஸ்தர் அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீ சும்மா இரு கண்ணு. இது எங்க ஏரி விசயம்."